ஜாக்கி பம்ப் அடிக்கடி ஓடினால் பூமியைத் தோண்ட வேண்டுமா?

கேள்வி: ஐயா, பெரும்பாக்கத்தில் மூன்று பிளாக், 96 வீடுகள் கொண்ட குடியிருப்புக்கு நான் சங்கச் செயலாளர். கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. தீயணைப்பு லைனின் ஜாக்கி பம்ப், அதாவது பிரஷர் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சின்ன பம்ப், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடி நிற்கிறது. பார்க்க வந்த கான்ட்ராக்டர், பூமிக்கடியில் போகும் பைப் முழுக்கத் துருப்பிடித்துவிட்டது, 280 மீட்டரையும் மாற்ற வேண்டும் என்று 16 லட்ச ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். இன்னொருவர், "பம்பை மேனுவலில் போட்டுவிடுங்கள், தீயணைப்புத் துறை சர்டிபிகேட்டை நான் வாங்கித் தருகிறேன்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பைப்பை மாற்றுவதென்றால் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அந்த இரண்டாவது ஆளை முதலில் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பேனலை மேனுவலில் போட்டால் ஜாக்கி மட்டுமல்ல, தீயின்போது தண்ணீர் தரும் பெரிய பம்பும் தானாக ஓடாது. இரவு இரண்டு மணிக்கு ஆறாவது மாடியில் தீப்பிடித்து ஒருவர் வால்வைத் திறக்கிறார் என்று வையுங்கள். லைனில் தேங்கியிருக்கும் தண்ணீர் வரும், பிறகு நின்றுவிடும். வாட்ச்மேன் சாவியைத் தேடி எடுத்து, பம்ப் ரூமுக்கு ஓடி, சுவிட்சைப் போடும்வரை குழாயைப் பிடித்தவர் வெறும் கையோடு புகைக்குள் நிற்க வேண்டும். இப்படி மேனுவலில் கிடக்கும் பம்புகளைச் சென்னையில் எத்தனையோ கட்டடங்களில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

இனி உங்கள் ஜாக்கிக்கு வருவோம். லைனில் எப்போதும் ஏழு கிலோ பிரஷர் (சதுர சென்டிமீட்டருக்கு) நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கொஞ்சம் இறங்கியதும் அதை ஈடுகட்டத்தான் அந்தச் சின்ன பம்ப். கசிவில்லாத லைனில் அது மணிக்கணக்கில் சும்மா கிடக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது என்றால் தண்ணீர் எங்கோ போகிறது. அது பூமிக்கடியில்தான் போகிறது என்று கான்ட்ராக்டருக்கு எப்படித் தெரிந்தது? எந்த இடத்தில் தோண்டிப் பார்த்தார்? எந்த வால்வை மூடிப் பார்த்தார்? இவற்றை அவரிடம் கேளுங்கள்.

பம்ப் ரூமில், பம்பிலிருந்து லைன் வெளியே கிளம்பும் இடத்தில் என்.ஆர்.வி. என்ற வால்வு இருக்கும். போன தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் கதவு அது. அதற்குள் ஒரு மணல் துணுக்கு சிக்கினாலும், ரப்பர் தேய்ந்தாலும், லைனில் இருக்கும் தண்ணீர் பின்வழியாகச் சம்புக்கே திரும்பிவிடும். வெளியே ஒரு சொட்டு ஈரம் தெரியாது. துரைப்பாக்கத்தில் ஒரு குடியிருப்பில் இரண்டு இடத்தில் பள்ளம் தோண்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். என்.ஆர்.வி.யைக் கழற்றினோம். ரப்பரின் விளிம்பில் ஒரு வெல்டிங் பொறுக்கு, துவரம்பருப்பு அளவுதான், ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துச் சுத்தம் செய்து மாட்டினோம், ஜாக்கி அடங்கிவிட்டது.

ஆகவே ஒரு பகல் நேரத்தில் இதைச் செய்யுங்கள். என்.ஆர்.வி.யைத் தாண்டி லைனில் இருக்கும் மெயின் வால்வை மூடுங்கள். பம்ப் ரூமுக்கு வெளியே உள்ள ஒரு ஹைட்ரண்டில் (தீயணைப்புக் குழாயை மாட்டும் வால்வு) பிரஷரைக் காட்டும் கேஜ் மாட்டி ஒரு மணி நேரம் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் கோளாறு பம்ப் ரூமுக்குள் இருக்கிறது, 16 லட்சம் தேவையில்லை. முள் இறங்கினால் கசிவு வெளியே. அடுத்து ஒவ்வொரு பிளாக்கிலும் மாடிக்கு ஏறும் ரைசர் பைப்பின் வால்வாக மூடிப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மாடிகளில் ஹோஸ் ரீல் (சுருட்டி வைத்திருக்கும் ரப்பர் குழாய்) வால்வுகளையும் தொட்டுப் பாருங்கள். அதில் கார் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள், கழுவிவிட்டு அரைகுறையாக மூடிப் போகிறார்கள். இந்தச் சோதனை நடக்கும்வரை மெயின் வால்வு பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும். முடிந்ததும் திறந்தாயிற்றா என்று நீங்களே போய்ப் பாருங்கள். ராத்திரி மூடி வைத்துக் காலையில் பார்க்கலாம் என்று மட்டும் விடாதீர்கள்.

லைனைப் பகுதி பகுதியாக மூடப் பூமியில் இருக்கும் பிரிவு வால்வுகள் கிடைக்கவில்லை என்பீர்கள். பாதிக் குடியிருப்புகளில் கிடைக்காது. பேவர் பிளாக் போடும்போது வால்வு இருக்கும் சேம்பர் மூடியின் மேலேயே கல்லைப் பதித்துவிடுகிறார்கள். அனுமதிக்குக் கொடுத்த வரைபடம் ஒன்று, கடைசியில் பைப் போன வழி வேறு. கட்டியவர் சாவியை ஒப்படைக்கும்போது கிளப் ஹவுஸைச் சுற்றிக் காட்டுகிறார். நிலத்தடி லைன் எங்கே போகிறது என்ற ஒரு தாளைக் கேட்டால் கிடைப்பதில்லை, அதைக் கொடுக்க வைக்கவும் யாருமில்லை. சோதனைக்கு வருகிறவர்களும் பம்புக்குப் பக்கத்து ஹைட்ரண்டைத் திறந்து, தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். திறக்க வேண்டியது மொட்டை மாடியில் கடைக்கோடி வால்வை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 கேட்கும் 3.5 கிலோ பிரஷர் அங்கேதான் வர வேண்டும்.

சோதனையில் கசிவு பூமிக்கடியில்தான் என்று உறுதியானால், கசியும் பகுதியைத் தோண்டிப் பைப்பைக் கண்ணால் பாருங்கள். ஒரு ஜாயின்ட் மட்டும் போயிருந்தால் அந்தத் துண்டை மாற்றினால் போதும். மூன்று இடத்தில் தோண்டி மூன்றிலும் பைப் பொத்தல் விழுந்திருந்தால் முழுக்க மாற்றுங்கள், அப்போது நானும் அதைத்தான் சொல்வேன். உங்கள் பக்கம் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பூமி, ஈரம் காய்வதே இல்லை. அந்த மண்ணில் இரும்பு வெளிப்பக்கத்திலிருந்து அரிக்கும்.

புதுப் பைப் வரும்போது லாரியில் இருந்து இறக்கும் முன் பாருங்கள். உங்களுக்குத் தேவை 'சி கிளாஸ்' என்கிற கனமான இரும்புப் பைப். ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தரப்படி அதில் சிவப்புப் பட்டை இருக்கும். 'பி கிளாஸில்' நீலப் பட்டை. ஏற்கெனவே முழுக்கச் சிவப்புப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தால் இறக்கவே விடாதீர்கள், பட்டை அடியில் மறைந்துவிடும். வெர்னியர் வைத்து அளந்தால் நான்கு அங்குலமோ ஆறு அங்குலமோ, சி கிளாஸ் சுவர் 5.4 மில்லிமீட்டர் வாக்கில் இருக்க வேண்டும். நான்கு அங்குல பி கிளாஸ் 4.5 தான். ஜி.ஐ. பைப்புக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கிறதே, அதன்மேல் டேப் சுற்றுவது எதற்கு என்பார்கள். அந்தப் பூச்சு உங்கள் மண்ணில் நிற்காது.

பைப்பின் ஆயுள், துருப்பிடிக்காமல் மேலே சுற்றும் அந்தக் கறுப்பு ரேப்பிங் டேப்பில் இருக்கிறது. துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, அது காய்ந்தபின் டேப்பைச் சூடாக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி சுற்ற வேண்டும். மேலே வைத்துச் சுற்றும்போது எல்லோரும் நன்றாகத்தான் சுற்றுகிறார்கள். ஏமாற்று நடப்பது ஜாயின்டில். பள்ளத்துக்குள் வெல்டிங் முடிந்ததும் அந்த ஓரடி இரும்பு அம்மணமாக நிற்கும். ஜாயின்டுக்குக் கீழே கை போக இடமில்லாததால் மேல்பாதியை மட்டும் சுற்றி, ஓரத்தைத் தட்டிவிட்டு ஏறிவிடுகிறார்கள். மேலிருந்து பார்க்கிறவருக்குக் கறுப்பாக, அழகாகத் தெரியும். அடிப்பாதி ஈரமண்ணில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு ஜாயின்டுக்கும் கீழே கை போகும் அளவு தனிக் குழி வெட்டச் சொல்லுங்கள். உங்கள் மொபைலை வீடியோவில் போட்டு ஜாயின்டுக்கு அடியில் நுழைத்து எடுங்கள். இரும்பின் நிறம் தெரிந்தால் மறுபடி சுற்றச் சொல்லுங்கள். இதற்கு இன்ஜினியர் வேண்டாம், நீங்களே போதும்.

ஆழம் ஒரு மீட்டர். கட்டடத்துக்கு அடியில் போகக் கூடாது. வண்டிப் பாதையைக் கடக்கும் இடத்தில் கான்கிரீட் ஹியூம் பைப்புக்குள் விடுங்கள். கீழே மணல் மெத்தை, சுற்றிலும் மணல். கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடினால் ஒரு செங்கல் முனையே டேப்பைக் கிழித்துவிடும்.

துருவே பிடிக்காத எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பைப் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். போடலாம், ஆனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பூமிக்கடியில் மட்டும்தான் போடலாம். தீயின் சூட்டில் உருகும் பைப் ஒரு சாண் கூட மேலே தலைகாட்டக் கூடாது. எனவே ஹைட்ரண்டுக்கோ ரைசருக்கோ ஏறும் முன்பே, மண்ணுக்குள்ளேயே இரும்புக்கு மாற்ற வேண்டும். அங்கேதான் வினை. மொத்த லைனிலும் இரும்பு அந்த முழங்கை வளைவிலும், இரண்டு பைப்பை இணைக்கும் ஃபிளாஞ்ச் போல்ட்டிலும் மட்டும் இருப்பதால், யாரும் அதைச் சுற்றுவதில்லை. நான்கைந்து வருடத்தில் பைப் புதிதுபோல் இருக்கும், போல்ட் தின்று போயிருக்கும். ஆகவே அந்த வளைவுகளுக்கும் போல்ட்டுகளுக்கும் டேப் சுற்றியே ஆக வேண்டும். திருகி மாட்டும் தோட்டத்து ஃபிட்டிங் கூடாது, மெஷினில் உருக்கி ஒட்டிய ஜாயின்ட்தான் வேண்டும். வளைவுகளில் பைப் உதைத்து நகராமல் கான்கிரீட் தாங்கல் வேண்டும். பைப் வாங்கும் முன்பே தீயணைப்புத் துறையிடமும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இவ்வளவும் செய்ய ஆளிருந்தால் எச்.டி.பி.இ., இல்லையென்றால் சி கிளாஸ் இரும்பே போடுங்கள்.

கடைசியில் பணம். பள்ளம் திறந்திருக்கும்போதே லைனில் தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, ஓடும் பிரஷரைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, இரண்டு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். ஏழு கிலோ லைனுக்கு பத்தரை. ஜாயின்டுகள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும், அவற்றுக்கு டேப் அதற்குப் பிறகுதான். கான்ட்ராக்டர், மழை வருகிறது, பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள், ஜே.சி.பி. வாடகை ஏறுகிறது, மூடிவிட்டுச் சோதிக்கலாம் என்பார். பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள், இரவில் விளக்குப் போடுங்கள், மூடவிடாதீர்கள். மூடியபின் முள் இறங்கினால் மறுபடி தோண்டும் செலவு உங்கள் தலையில்தான் விடியும். வேலை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்: பாதித் தொகை இந்தச் சோதனைக்குப் பிறகு, மீதி ஒவ்வொரு வளைவும் வால்வும் சுவரிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது என்று குறித்த வரைபடம் உங்கள் கைக்கு வந்தபிறகு. கான்ட்ராக்டர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு கொட்டேஷன் வாங்குங்கள்.