மூன்றாவது தளத்திலேயே மூடிவிடுகிறேன்

கேள்வி: ‘ஷேட்டர்டு பிக்ஸல் டன்ஜியன்’ என்ற மொபைல் கேமை ஐந்து மாதமாக ஆபீஸ் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஆடினேன். எத்தனை முறை செத்தேன் என்று கணக்கே இல்லை. போன மாதம் ஒருவழியாக வாரியர் என்ற வீரனை வைத்து முடித்துவிட்டேன். அன்றோடு சரி. இப்போது திறக்கிறேன், இரண்டு மூன்று தளம் இறங்குகிறேன், மூடிவிடுகிறேன். பார்க்காதது இன்னும் நிறைய இருக்கிறது என்று தெரிந்தும் மனம் ஒட்டவில்லை. வீம்புக்கு ஆடலாமா, அழித்துவிடலாமா?

பதில்: எந்தத் தளத்தில் மூடுகிறீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது. பன்னிரண்டாவது தளத்தில் திரும்பத் திரும்பச் செத்து வெறுத்துப் போனவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. முடித்துவிட்டு மூன்றாவது தளத்தில் மூடுகிறவருக்குச் சொல்ல வேண்டியது வேறு.

இந்த கேமை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. மொத்தம் 26 தளங்கள். ஐந்து ஐந்தாகச் சாக்கடை, சிறை, குகை, குள்ளர் நகரம், பேய்க் கூடம் என்று இறங்கிக்கொண்டே போய், கடைசித் தளத்தில் இருக்கும் யெண்டார் தாயத்தை எடுக்க வேண்டும். செத்தால் முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் அறைகள் மாறும், எந்த நிறப் புட்டியில் எந்த மருந்து என்பதும் மாறும். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. 2012-இல் ஒலெக் டோல்யா என்பவர் வெளியிட்ட ‘பிக்ஸல் டன்ஜியன்’தான் மூலம். அதன் நிரலை அவர் எல்லோருக்கும் திறந்துவிட, எவன் டெபன்ஹாம் அதை எடுத்து 2014 முதல் இன்றுவரை வளர்த்துவருகிறார்.

இப்போது உங்கள் விஷயம். சாக்கடையில் வரும் பாம்பை நினைத்துப் பாருங்கள். அதற்கு உயிர் வெறும் நாலு புள்ளி. ஆனால் அடித்தால் படாது, நெளிந்து நெளிந்து தப்பிக்கும். முதல் வாரத்தில் அதோடு மல்லுக்கட்டி எரிச்சலாகியிருப்பீர்கள். அப்புறம் ஒருநாள் பிடிபட்டிருக்கும்: கதவைத் தாண்டி உள்ளே போய், கதவுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றால், துரத்திவரும் பாம்புக்கு நீங்கள் கண்ணில் பட மாட்டீர்கள். அது வாசலில் கால் வைத்ததும், பாம்புக்கு ஏது கால், தலை வைத்ததும் ஓங்கி ஒரு போடு. தப்பாது. அந்தப் பாம்பு அங்கே இருப்பதே இந்தக் கதவு வித்தையைக் கற்றுக்கொடுக்கத்தான் என்பது என் எண்ணம். இரண்டு மடங்கு வேகத்தில் ஓடிவரும் நண்டும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஓடித் தப்ப முடியாது என்று புரியவைக்க வந்தது.

ஆக, முதல் ஐந்து தளங்கள் ஒரு பள்ளிக்கூடம். பாஸாகிவிட்ட நீங்கள் தினமும் பஸ்ஸில் உட்கார்ந்து ஒன்றாம் வகுப்புப் பாடத்தை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். போரடிக்காமல் என்ன செய்யும்?

மற்ற மொபைல் கேம்களில் இந்தச் சலிப்பு சீக்கிரம் வெளியே தெரியாது. இன்று வந்தால் பத்து வைரம், நாளை வந்தால் இருபது என்று இழுத்துவைத்திருப்பார்கள். ஆர்வம் செத்த பிறகும் ஆறு மாதம் கை பழக்கத்தில் ஆடும். இதில் அந்தத் தூண்டில் எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டில் இலவசம், விளம்பரமும் கிடையாது, வா என்று கூப்பிடவும் கூப்பிடாது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும் சுகம் மட்டும்தான் உங்களை இழுத்துக்கொண்டிருந்தது. அது வற்றியதும் கேம் வெறும் கட்டங்களாகத் தெரிகிறது. இதற்காக உங்கள் மேல் சந்தேகப்பட வேண்டாம்.

1980 வாக்கில் கலிஃபோர்னியாவில் மாணவர்களாக இருந்த மைக்கேல் டாயும் க்ளென் விச்மனும் ‘ரோக்’ என்ற கேமை எழுதப் புறப்பட்டதற்கே இந்தச் சலிப்புதான் காரணம். அன்றைய சாகச கேம்களில் விடை தெரிந்துவிட்டால் மறுபடி ஆட ஒன்றுமில்லை. அதனால் பாதாளத்தை ஒவ்வொரு முறையும் கணினியே புதிதாகக் கலைத்துப்போடட்டும் என்று முடிவெடுத்தார்கள். நீங்கள் எடுத்துவந்த யெண்டார் தாயத்துகூட அங்கிருந்து வந்த சொத்துதான், அதிலும் அது இருந்தது 26-ஆவது தளத்தில். ஆனால் அறைகளைக் கலைக்கலாம், உங்கள் தலைக்குள் உட்கார்ந்துவிட்ட சூத்திரத்தைக் கணினியால் கலைக்க முடியாது. 25 தளங்களில் மொத்தம் 15 அப்கிரேடு ஸ்க்ரோல், அதாவது ஆயுதத்தையோ கவசத்தையோ பலப்படுத்தும் சுருள், உறுதியாகக் கிடைக்கும், ஐந்து தளத்துக்கு மூன்று வீதம். வாரியரை வைத்து முடித்தவர்களில் பலர் அதில் பெரும்பகுதியைக் கவசத்திலோ ஒரே ஆயுதத்திலோ கொட்டியிருப்பார்கள். நீங்களும் அப்படித்தான் என்றால், அடுத்த ஆட்டம் எப்படிப் போகும் என்பது முதல் தளத்திலேயே தெரிந்துவிடும்.

அதனால் ஆடுவதாக இருந்தால் அந்தச் சூத்திரத்தை உடைத்துவிட்டு ஆடுங்கள். ஒரு முறை முடித்தவர்களுக்கு ‘சேலஞ்ச்’ என்ற பகுதி திறந்திருக்கும், அதில் ஒன்பது இருக்கின்றன. சாப்பாட்டைக் குறைப்பது, இருட்டாக்குவது என்று பலவகை. உங்களுக்கு நான் சொல்வது ‘ஃபர்பிடன் ரூன்ஸ்’. அப்கிரேடு ஸ்க்ரோல்களில் பாதியைப் பிடுங்கிவிடும். ஒரே இடத்தில் கொட்டும் வழி அடைபட்டதும், இதுவரை பையில் தூங்கிய புட்டிகளையும் மந்திரக்கோல்களையும் எடுத்தே ஆக வேண்டிவரும். கூடவே வாரியரை விட்டுவிட்டு ‘மேஜ்’ என்ற மந்திரவாதியை எடுங்கள். கிடைக்கிற மந்திரக்கோல் எதையும் அவன் தடியில் ஏற்றலாம், ஆகவே ஆட்டத்துக்கு ஆட்டம் அவன் வேறு ஆள். இரண்டையும் ஒரேயடியாக மாற்றினால் முதல் இரண்டு முறை கேவலமாகத்தான் சாவீர்கள். நல்லது, அதுதானே வேண்டும்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். பஸ்ஸில் ஆட வேண்டாம். இறங்குமிடம் வந்துவிடுமோ என்ற அவசரத்தில் தெரிந்த வழியைத்தான் விரல் தேடும். இது ஒருவர் மாற்றி ஒருவர் நகரும் கேம், நீங்கள் கட்டத்தைத் தொடும்வரை எதிரி அசைய மாட்டான். வீட்டில் உட்கார்ந்து, தொடுவதற்கு முன் பையைத் திறந்து பார்க்கிற நிதானத்தோடு ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள்.

வீம்புக்கு ஆடலாமா என்றால், கூடாது. மேலே சொன்னபடி மூன்று ஆட்டம். மூன்றிலும் சாக்கடையைத் தாண்டுவதற்குள் கை தானாக மூடுகிறது என்றால் உங்களுக்கு இந்த கேமோடு கணக்கு முடிந்தது. பஸ்ஸுக்கு ‘ஹாப்லைட்’ என்ற கேம் போதும். அறுகோணக் கட்டங்கள், முழுத் தளமும் ஒரே திரையில், எதிரி அடுத்து எங்கே அடிப்பான் என்பது முன்பே தெரியும். அடி படுமா படாதா என்ற அதிர்ஷ்டமே கிடையாது, செத்தால் அது முழுக்க உங்கள் கைவேலை.

ஆனால் எதுவானாலும் அழிக்க அவசரப்படாதீர்கள். ஐந்து மாதம் சேர்த்த பேட்ஜுகளும் ரேங்கிங் பட்டியலும் அதோடு போய்விடலாம். அதிக இடமும் அடைக்காது. முகப்புத் திரையிலிருந்து மட்டும் எடுத்து ஏதாவதொரு ஃபோல்டருக்குள் தள்ளிவையுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்தால், எந்தப் பெரிய எதிரி எப்போது என்ன செய்யும் என்பதில் பாதியாவது மறந்திருக்கும்.