கோவை செட்டிபாளையத்தில் நடந்த டூரிங் கார் பந்தயத்தில் ஜெயித்தவர் ஒருவர், தேசியப் பட்டம் இன்னொருவருக்கா? அது எப்படி?

ஒரு பந்தயத்தை வைத்துப் பட்டம் தருவதில்லை. பருவம் முழுக்கச் சேர்த்த புள்ளிகள்தான் கணக்கு. இரண்டு வெற்றி பெற்றுவிட்டு இரண்டில் இன்ஜின் நின்றுபோனவரை, ஓயாமல் இரண்டாவதாக வந்தவர் முந்திவிடலாம். எனக்கு அது முற்றிலும் நியாயமாகவே படுகிறது.

டூரிங் கார் என்பது சாலையில் ஓடும் காரிலிருந்து உருவாவது. இருக்கைகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு பொருத்துவார்கள். வெளித்தோற்றம் அவினாசி சாலையில் பார்க்கும் கார்தான்.

பந்தய வீரர் கரிவரதன் பெயர் தாங்கிய நம் செட்டிபாளையம் களம் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர்தான். இங்கே முந்த இடம் குறைவு. யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகும் தகுதிச் சுற்றில் முன்வரிசை பிடிப்பதே பாதி வெற்றி. நீண்ட நேர்பாதையுள்ள சென்னைக் களத்தில் பின்னால் வருபவருக்கும் வாய்ப்பு உண்டு. வளைவுக்கு முன் யார் தாமதமாகப் பிரேக் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். முந்துவது அங்கேதான் நடக்கும்.