பழைய ஜென்னுக்குப் பின்சீட் பெல்ட்: புரோக்கருக்கு எதற்கு 3,000?

கேள்வி: என் வண்டி 1999 மாருதி ஜென். நான்கு வருஷம் முன்பு ஆலுவாவில் வாங்கியது. பின்சீட்டில் பெல்ட் இல்லை. மாதாமாதம் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, கோபாலபுரம் வழியாகப் பழனி போய் வருகிறோம். பெல்ட் போட ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், 3,000 கொடுத்தால் ஆர்.சி.யில் ஏற்றித் தருகிறேன் என்கிறார் ஒரு புரோக்கர். கொடுக்கலாமா? (வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: சல்லிக்காசு கொடுக்காதீர்கள். ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், கலர், எத்தனை சீட் எல்லாம் இருக்கும். பெல்ட் என்று ஒரு வரி இருக்காது. இல்லாத இடத்தில் எதை ஏற்றுவாராம்? இன்ஜின் மாற்றினால் ஆபீஸ் படி ஏறலாம். கம்பெனி விட்ட ஓட்டையில் பெல்ட் பூட்ட எதற்கு?

பின்சீட் பெல்ட் கட்டாயமானதே 2002-ல்தான். அதற்குப் பிறகும், 2022-ல் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பெல்ட் போடாமல் போய் விபத்தில் இறக்கும் வரை யாரும் அதைச் சீண்டவில்லை. இப்போது கேரளத்தில் பெல்ட் போடாதவர்களுக்குக் கேமரா வைத்து 500 ரூபாய் சலான் அனுப்புகிறார்கள். எஃப்.சி.க்கு வண்டியோடு எத்தனையோ முறை போயிருக்கிறேன். பெல்ட் போல்ட்டைக் குனிந்து பார்த்த ஒருவரை இன்னும் காணவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். ஜென் ஐரோப்பாவுக்கும் போன வண்டி. அதனால் பெல்ட்டுக்கான மரை, அதாவது போல்ட் பூட்டும் திருகு ஓட்டை, பாடியிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். பின்சீட் குஷனைத் தூக்குங்கள், பக்கத்துப் பிளாஸ்டிக்கைக் கழற்றுங்கள். ரப்பர் மூடிக்கு அடியில் தெரியும். அது பெரும்பாலும் 7/16 அங்குல மரை. ஹார்டுவேர் கடையில் அந்த போல்ட் இல்லையென்றால் 10 எம்.எம். எடுத்துக் கொடுப்பார்கள். அதுவும் உள்ளே போய்ப் பிடித்த மாதிரி காட்டும். நம்பாதீர்கள். 60 கிலோ ஆள், 50 கி.மீ. வேகம், பத்தில் ஒரு நொடியில் வண்டி நின்றால் பெல்ட்டை இழுக்கும் பாரம் சுமார் 850 கிலோ. மரை இல்லையே என்று தகரத்தில் ஸ்க்ரூ அடிக்கும் சீட் கவர் கடைக்காரரிடம் வண்டியை விடவே விடாதீர்கள்.

ஆலுவா என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். ஆலுவா மூழ்கிய 2018 கேரள வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் நான் சொன்னது எதுவும் செல்லாது. கார்ப்பெட்டைத் தூக்கி, மரை இருக்கும் இடத்தைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். டங் என்றால் நல்லது. பொத்தென்று உள்ளே இறங்கினால் தரைத் தகடு துருப்பிடித்துச் செத்துவிட்டது. மேலே பெயிண்ட் பளபளக்கலாம், குஷன் புதிதாக இருக்கலாம், அதையெல்லாம் பார்க்காதீர்கள். டிங்கர் வந்து அழுகினதை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டு செய்த பிறகுதான் பெல்ட். அவ்வளவு செலவு அந்த வண்டிக்குத் தகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெல்ட்டைப் புதிதாகவே வாங்குங்கள். பழைய இரும்புக் கடையில் ஷாம்பு போட்டுக் கழுவித் தொங்கவிட்டிருப்பார்கள். மோதின வண்டியின் பெல்ட் ஒருமுறை இழுபட்டு முடிந்தது. நாடா ஓரம் அலை அலையாக நிற்கும், அது நுழைந்து வரும் பிளாஸ்டிக் வளையம் உருகிப் பளபளக்கும்.

நாடா சுருண்டிருக்கும் ரீல் எந்தச் சாய்வில் உட்கார வேண்டும் என்று பெட்டியில் படம் இருக்கும். அப்படியே பூட்டச் சொல்லுங்கள். கோணம் தப்பினால் நாடா வெளியே வராது, அம்மா இரண்டாம் நாளே பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடுவார்.