கணினிக்கு மாற்று பவர் கேபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

கோத்தகிரியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: டெஸ்க்டாப்பின் பவர் கேபிள் முனை சூட்டில் பழுப்பேறிவிட்டது, மார்க்கெட் கடையில் கிடைப்பதை வாங்கி மாட்டலாமா என்று.

மாட்டலாம், ஆனால் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு. பெரும்பாலான டெஸ்க்டாப்புக்கும் மானிட்டருக்கும் பின்னால் செருகும் பக்கத்தில் பொருந்துவது சி13 என்ற ஒரே வகை முனைதான். அதில் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று பொறித்திருக்க வேண்டும். ஒயர் மேலே 3 × 0.75 சதுர மி.மீ. (உள்ளே மூன்று கம்பி, ஒவ்வொன்றின் குறுக்குவெட்டு 0.75) என்று இருக்கிறதா பாருங்கள், 0.5 என்றால் வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரையோடு உள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் கடையிலேயே சரிபார்க்கலாம். தடிமனை மட்டும் நம்பாதீர்கள், மலிவுச் சரக்கில் அது வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும்.

அப்புறம் எர்த். இதில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்று பின் இருந்தும் உள்ளே எர்த் ஒயரே ஓடாத கேபிள்கள் உண்டு. எதிலும் செருகாமல், ப்ளக்கின் பெரிய பின்னிலும் மறுமுனையின் நடுத் துளையிலும், இணைப்பு இருந்தால் ஒலி எழுப்பும் நிலையில் மல்டிமீட்டரை வைத்தால் பீப் அடிக்க வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினட்டைத் தொடும்போது சுருக்கென்று அடிக்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உங்கள் ஊரில் சுவரே வியர்க்கும். அந்த ஈரத்தில் பித்தளைப் பின்கள் பச்சை பூத்து, பிடிப்புக் குறைந்து, அந்த இடமே சூடாகும். ஆகவே கேபினட்டின் பின்புறம் கேபிள் செருகும் பவர் சப்ளைப் பெட்டியின் பின்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அவை கருத்திருந்தால் புதுக் கேபிளும் அதே கதிக்குத்தான் போகும். சப்ளையையும் சேர்த்து மாற்றுங்கள். சுவர் சாக்கெட்டில் ப்ளக் ஆடினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதையும் மாற்றிவிடுங்கள்.