பழைய வெள்ளிச் சாமான் சேர்க்க ஆசையா? முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: மல்லாவிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். என்னிடம் அம்மம்மாவின் வெள்ளிக் குங்குமச்சிமிழ் ஒன்று இருக்கிறது. 2008இல் இடம்பெயரும்போது மற்றச் சாமான்களோடு அதையும் கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்து எடுத்தபோது கறுத்துப்போய், மூடியில் பச்சை பிடித்திருந்தது. அப்படியே வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கப் பார்க்க, இப்படியான சின்னச் சின்னப் பழைய வெள்ளிச் சாமான்களைச் சேர்க்க விருப்பமாக இருக்கிறது. பெரிய காசு ஒதுக்க முடியாது. ஒரு நகைக்கடையில் சிமிழைக் காட்டினேன். "முத்திரை இல்லை, வெள்ளி என்று சொல்ல ஏலாது, வேண்டுமென்றால் மினுக்கித் தருகிறோம்" என்றார்கள். மினுக்கக் கொடுக்கலாமா? இனி வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: மினுக்கக் கொடுக்க வேண்டாம், ரீச்சர். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம். இதை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், நானே ஒருமுறை கெடுத்திருக்கிறேன். இளம் வயதில், சொந்தக்காரர் ஒருவர் தந்த வெள்ளிச் செம்பைப் பளபளப்பாக்கிக் கொடுக்க வேண்டும் என்று இயந்திரத்தில் வைத்துத் தீட்டினேன். நன்றாகத்தான் மினுங்கியது. ஆனால் அவர் கையில் வாங்கியதும் முதலில் விளிம்புக்குக் கீழே தடவிப் பார்த்தார். அங்கே அவருடைய தாயாரின் பெயர் புள்ளி எழுத்தில் இருந்திருக்கிறது. இரண்டு எழுத்துத்தான் மிஞ்சியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் செம்பை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

நம்முடைய வீடுகளில் சீதனமாகக் கொடுத்த பாத்திரங்களில் பெயர் வெட்டுவது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். வெண்கலம், பித்தளை மட்டுமல்ல, வெள்ளியிலும் வெட்டினார்கள். சிறு உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து அது. ஆழம் மிகக் குறைவு. கறுப்புப் படிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ரோச் லைற்றைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தால் நிழல் விழுந்து தெரியும். உங்கள் சிமிழின் அடியையும் மூடியின் உட்பக்கத்தையும் இன்றிரவே அப்படிப் பாருங்கள்.

சரி, வெள்ளியின் தரத்தைக் காட்டும் முத்திரை விஷயத்துக்கு வருவோம். முத்திரை இல்லாததால் வெள்ளி இல்லை என்று ஆகாது. பிரித்தானிய வெள்ளிச் சாமானில் முத்திரை இருக்கும், ஏனென்றால் அங்கே அதற்குச் சட்டம் இருந்தது. நம்முடைய பத்தர்மாருக்கு, அதாவது பொற்கொல்லருக்கு, அப்படி ஒரு கட்டாயம் இருக்கவில்லை. வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்த வெள்ளி நாணயங்களை உருக்கித் தட்டிக் கொடுப்பது பழைய வழக்கம். இந்திய ரூபாய் நாணயம் இலங்கையிலும் புழங்கியது. 1939 வரைக்கும் அதன் நிறை 11.66 கிராம், அதில் 91.7 வீதம் வெள்ளி. அந்த நாணயத்தை உருக்கிச் செய்த சிமிழில் ஒரு முத்திரையும் இருக்காது, ஆனால் வெள்ளி அநேகமாக ஸ்ரேர்லிங் தரத்துக்கு, அதாவது 92.5 வீதத்துக்குக் கிட்ட நிற்கும். இலங்கையின் 50 சத, 25 சத வெள்ளி நாணயங்கள் வேறு கதை. 1892இலிருந்து 80 வீத வெள்ளியில் அடித்தவற்றை, 1919இலிருந்து 55 வீதத்துக்கு இறக்கிவிட்டார்கள். அந்த நாணயத்தை உருக்கிச் செய்த சாமான் சற்று மங்கலாக, மஞ்சள் கலந்த மாதிரித் தெரியலாம். அதையும் போலி என்று ஒதுக்க வேண்டாம்.

உரைகல்லில் உரைப்பதும், அசிட் விட்டுப் பார்ப்பதும் நகைக்கடை வழி. இரண்டும் சாமானில் வடு வைக்கும். வீட்டில் செய்யக்கூடிய, ஒரு கீறலும் விழாத சோதனை தண்ணீர்ச் சோதனைதான். நகை நிறுக்கும் சிறிய இலத்திரனியல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பழஞ்சாமான் சேர்ப்பவர் கையில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரே கருவி அது.

முதலில் சிமிழை உலர்ந்தபடி நிறுங்கள். 62.4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒரு சின்னப் பிளாஸ்ரிக் கோப்பையில் தண்ணீர் விட்டுத் தராசில் வைத்து, எண்ணைச் சைபருக்குக் கொண்டுவாருங்கள். சிமிழை நூலில் கட்டி, முழுக்கத் தண்ணீருக்குள் தாழும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் முட்டாதபடி தொங்கவிடுங்கள். மூடி வேறாகவும் உடல் வேறாகவும் கழன்று இருக்க வேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் கணக்குப் பிழைக்கும், ஆகவே இலேசாக ஆட்டி விடுங்கள். இப்போது தராசு காட்டுவது சிமிழ் இடம்பெயர்த்த தண்ணீரின் நிறை. 6.0 கிராம் காட்டினால், 62.4ஐ 6.0ஆல் பிரிக்க 10.4 வருகிறது. இதுதான் அடர்த்தி. தூய வெள்ளிக்கு இது 10.49, ஸ்ரேர்லிங்குக்கு 10.36 அளவில். 80 வீத வெள்ளிக்குப் பத்தைச் சற்றுத் தாண்டும், 55 வீதத்துக்கு 9.7 அளவில் நிற்கும். அதே 62.4 கிராம் ஜேர்மன் சில்வராக இருந்திருந்தால் தராசு 7 கிராமைத் தாண்டியிருக்கும், விடை 9க்குக் கீழே போயிருக்கும். ஜேர்மன் சில்வர் என்பது செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த கலவை. பெயரில்தான் வெள்ளி, உள்ளே ஒரு துளியும் இல்லை.

பன்னீர்ச்செம்பின் அடித்தண்டு, கைப்பிடி போன்ற இடங்களில் உள்ளே அரக்கோ ஈயமோ நிரப்பியிருந்தால் இந்தக் கணக்குச் சரிவராது. அப்படியானதைத் தண்ணீரில் தாழ்க்கவும் கூடாது.

உங்கள் சிமிழை மட்டும் உடனே தாழ்க்காதீர்கள். மண்ணில் கிடந்த வெள்ளி வேறு பிள்ளை மாதிரி. அலுமாரியில் இருந்த வெள்ளியின் கறுப்பு மெல்லிய கந்தகப் படலம். மண்ணில் கிடந்ததில், மண்ணின் உப்போடு சேர்ந்து சாம்பல் ஊதாவாக ஒரு தடித்த தோல் பிடிக்கும். உலோகத்தின் மேல்பகுதியே மாறித்தான் அந்தத் தோல் ஆகிறது, ஆகவே செதுக்கிய பூவும் கொடியும் அதற்குள்தான் இருக்கும். சுரண்டினால் அவையும் சேர்ந்து போகும். பச்சை, வெள்ளியோடு கலந்த செம்பிலிருந்து வருவது. நீண்ட காலம் மண்ணில் கிடந்த வெள்ளி சிலவேளை உடையும் பதத்துக்கு வந்திருக்கும், ஆகவே மூடி இறுகியிருந்தால் திருகித் திறக்க வேண்டாம்.

செய்யக்கூடியது இவ்வளவுதான். வாகனப் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் கடையில் கிடைக்கும் (அசிட் போத்தலோடு மாறிவிட வேண்டாம்). நம்முடைய கிணற்றுத் தண்ணீரில் பல இடங்களில் உப்பும் கல்லும் இருப்பதால் அது வேண்டாம். அந்தத் தண்ணீரில் சிமிழை ஒரு நாள் வையுங்கள், மாற்றி மறுநாளும் வையுங்கள். உப்புக் கரையும். ஈரம் இருக்கும்போதே தென்னை ஈர்க்கின் நுனியால் பச்சைப் பொடியைத் தட்டிவிடுங்கள், தானாக உதிர்வதை மட்டும். பிறகு நிழலில் நன்றாக உலர விடுங்கள். நிறைச் சோதனையை அதன்பிறகு செய்யலாம். தோல் தடிப்பாக இருந்தால் எண் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

மண்ணில் கிடக்காத மற்றச் சாமான்களுக்குச் சவர்க்காரத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். அம்மம்மாமார் திருநீற்றால் துலக்கினார்கள், அது நல்ல வழக்கம். ஆனால் துணியில் சலித்த மென்மையான திருநீறாக இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். பற்பசை கூடாது. சோடாவும் அலுமினியத் தாளும் போட்டுக் கொதிதண்ணீர் விடும் முறையை இப்போது எல்லோரும் செய்கிறார்கள். அது கோலத்தின் பள்ளத்தில் நிற்கும் கறுப்பையும் எடுத்துவிடும். அந்தக் கறுப்புத்தான் கோலத்தை எழுப்பிக் காட்டுவது. சுண்ணாம்புக் கரண்டகத்தில் காய்ந்த சுண்ணாம்பு இருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து ஈர்க்கால் எடுங்கள், கத்தி வைக்காதீர்கள்.

எதைச் சேர்ப்பது என்று கேட்டால், எல்லாவற்றையும் தேடாதீர்கள் என்பேன். வெற்றிலைத் தட்டத்தோடு சேர்ந்தவை ஒரு குடும்பம்: கரண்டகம், சின்னப் பாக்குவெட்டி, காது அழுக்கு எடுக்கும் குறும்பிவாங்கி. பூசையோடு சேர்ந்தவை இன்னொரு குடும்பம்: சிமிழ், திருநீற்றுத் தட்டு, சந்தனக் கிண்ணம், பன்னீர்ச்செம்பு. பிள்ளையோடு சேர்ந்தவை மூன்றாவது: பாலாடை (பிள்ளைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள சின்னக் கிண்ணம்), கிலுகிலுப்பை, அரைஞாண், பஞ்சாயுதம் (ஐந்து ஆயுத உருவமுள்ள பிள்ளைப் பதக்கம்). உங்களிடம் சிமிழ் இருப்பதால் பூசைச் சாமானில் தொடங்குங்கள். ஆனால் என் மனம் பிள்ளைச் சாமானில்தான். பாலாடையின் மூக்கைப் பாருங்கள். பல பிள்ளைகள் குடித்த பாலாடையில் அந்த இடம் தேய்ந்து, விரல் வைத்தால் வழுக்கும். அந்தத் தேய்வைப் புதிதாகச் செய்து விற்கிறவனால் கொண்டுவர முடியாது. போலியானதில் மூலைமுடுக்கெல்லாம் ஒரே மாதிரிக் கறுத்திருக்கும், கைபடும் இடமும் கைபடாத இடமும் ஒன்றுபோல இருக்கும்.

யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்கள். அவர்கள் வழியாகவும் தோட்டத்துரைமார் வழியாகவும் வெளிநாட்டுச் சாமான்கள் இங்கே வந்து, இடப்பெயர்வுகளோடு வன்னிக்கும் வந்திருக்கின்றன. இங்கிலாந்துச் சாமானில் நடக்கும் சிங்கம் பொறித்திருந்தால் ஸ்ரேர்லிங். பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பேமிங்ஹாம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். கூடவே ஆண்டைக் காட்டும் ஓர் எழுத்து இருக்கும். அரசரின் அல்லது அரசியாரின் தலை பொறித்திருந்தால் அது அநேகமாக 1784க்கும் 1890க்கும் இடையில் வரி கட்டிய சாமான். ஈ.பி.என்.எஸ். என்று நான்கு எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டத்துக்குள், பார்வைக்கு முத்திரை மாதிரியே இருக்கும். அது நிக்கல் கலவையின் மேல் வெள்ளி முலாம். விளிம்பு தேய்ந்த இடத்தில் உள்நிறம் எட்டிப் பார்க்கும். முலாம் என்று தெரிந்து, முலாமின் விலைக்கு வாங்கினால் பிழையில்லை.

வாங்கும் இடம் என்று பார்த்தால், வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் நகைக்கடைகளில் மாற்றுக்கு வந்த பழைய வெள்ளியைத்தான் சொல்வேன். அவை நிறைக்கு வாங்கப்பட்டு உருக்கப் போகிறவை. உருக்குவதற்கு முன் பார்க்க விடுவீர்களா என்று கேட்டு, அன்றைய வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் பலர் மறுக்க மாட்டார்கள். நிறை குறைந்த சின்னச் சாமான்களாகப் பார்த்தால் கைக்குக் கட்டும். பழுது பார்த்த இடத்தில் சாம்பல் நிறமாக, நகம் பதியும் மென்மையில் இருந்தால் அது ஈயப் பற்று. அதைத் திருத்தக் கொடுத்தால் பத்தரிடம் ஈயம் இருப்பதைச் சொல்லிக் கொடுங்கள். சூடு பட்டால் ஈயம் வெள்ளியைத் தின்று ஓட்டையாக்கிவிடும்.

பெயர் வெட்டிய சாமான் கைக்கு வந்தால், வாங்குமுன் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள். உங்களைப் போலவே கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து கிண்டியபோது வெறுங்குழியைக் கண்டவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பெயரும் ஊரும் தெரிந்தால் உரியவரைத் தேடலாம். ஒரு மூக்குப்பேணி (மூக்கு வைத்த குடிக்கும் பாத்திரம்) அப்படி அதன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். வாங்கியவர் தான் கொடுத்த காசை மட்டும் பெற்றுக்கொண்டார்.

"காட்டுக்குள் கிண்டி எடுத்தது, பழைய காலத்துப் புதையல்" என்று யாரும் கொண்டுவந்தால் தொடவே வேண்டாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள் தொல்பொருள். நிலத்திலிருந்து அகப்பட்டதை அறிவிக்க வேண்டும், தனியார் வைத்துக்கொள்ள முடியாது. நீங்களும் தேடிக் கிண்டப் போகாதீர்கள். கண்ணிவெடி பற்றி வன்னியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குப் பழஞ்சாமான் அனுப்புவதென்றாலும், 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் இருக்கிறது. அனுப்புமுன் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைக்கும்போது தோய்த்துக் காய்ந்த பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். றப்பர் பாண்ட் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் கோடு கோடாகக் கறுக்க வைக்கும். பத்திரிகைத் தாளும் கூடாது.

அப்புறம், ஒரு கொப்பி போடுங்கள். ஒரு சாமானுக்கு ஒரு பக்கம்: நிறை, உயரம், தண்ணீர்ச் சோதனையின் எண், எங்கே யாரிடம் வாங்கியது, முன்பு யார் புழங்கியது. முதல் பக்கம் அம்மம்மாவின் சிமிழுக்கு. அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்: அது யாருடைய கல்யாணத்துக்குச் செய்தது, எந்தப் பத்தர் செய்தார், எந்தக் காணியின் கிணற்றடி, எத்தனை அடி ஆழத்தில் தாட்டது, கூட என்னென்ன இருந்தன, அவற்றில் எவை திரும்பக் கிடைக்கவில்லை. அடியில் எழுத்து ஏதும் தெரிந்தால் ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வாசித்துச் சொல்கிறேன்.