புது டிவி: இப்போதா, தீபாவளிக்கா?

கேள்வி: எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம்ங்க. இந்த மாதம் கடைக்கு வந்த 55 அங்குல ஓஎல்இடி (புள்ளி புள்ளியாகத் தானே ஒளிரும் திரை) டிவியை உடனே வாங்க வேண்டும் என்கிறான் மகன். "மஞ்சளை இருப்பு வைத்தால் விலை ஏறினாலும் ஏறும், டிவிக்குப் பொறுத்தால் இறங்கத்தான் செய்யும், தீபாவளி வரட்டும்" என்கிறார் அவன் அப்பா. பழைய டிவி நன்றாகத்தான் ஓடுகிறது. யார் சொல்வது சரிங்க?

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரிங்க. டிவி விலையில் பெரும்பங்கு திரைக்குத்தான். ஒரு பெரிய கண்ணாடித் தகட்டிலிருந்து பல திரைகளை வெட்டி எடுக்கிறார்கள். புதுத் தொழில்நுட்பம் வந்த புதிதில் அதில் நிறையக் கழிந்துபோகும். ஆலைக்குக் கை பழகப் பழகத் தேறுவது கூடும், அடக்கவிலை இறங்கும். அப்புறம் போட்டிக்கு ஆள் வந்தால் கேட்கவே வேண்டாம். 2013இல் எல்ஜியின் 55 அங்குல ஓஎல்இடி அமெரிக்காவில் கிட்டத்தட்ட 15,000 டாலருக்கு வந்தது. இன்று அதே அளவு டிவி அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கிடைக்கிறது. போன் இன்னும் வேகம். 2007 ஜூனில் 599 டாலருக்கு வந்த முதல் ஐபோன் செப்டம்பரிலேயே 399 ஆனது. முந்தி வாங்கியவர்கள் கொதித்துப்போக, ஆப்பிள் தன் கடையில் பொருள் வாங்கிக்கொள்ள அவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர் சலுகை கொடுத்தது.

எல்லாம் இறங்கியே தீரும் என்றும் இல்லை. 2025 கடைசியில், லேப்டாப்பிலும் போனிலும் போடுகிற மெமரி சிப் விலை ஏறியது. அதனால் லேப்டாப்புக்கும் போனுக்கும் இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 128 ரூபாய் 118 ஆனது என்றால், விலை இறங்கியது எட்டு சதவீதம் போல. அது அரசு குறைத்தது. அதையும் சேர்த்துத் தள்ளுபடி என்று கடையில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தீபாவளிக்கு ஓரளவு குறையும். அதைவிட நல்ல சமயம், அடுத்த வருட மாடல் வந்து இறங்குகிற நேரம். பழையதைக் கிடங்கில் அடைத்துவைக்க எந்தக் கடைக்காரரும் விரும்ப மாட்டார். அப்போது பெட்டியில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், வாரண்டி பில் தேதியிலிருந்துதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு டிவி கெட்டுப்போயிருந்தால் இவ்வளவு நாள் பொறுக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

எம்ஆர்பியில் எத்தனை சதவீதம் குறைத்தார்கள் என்று பார்க்காதீர்கள். மாடல் எண்ணையும், கோபியிலும் ஈரோட்டிலும் இன்றைக்குக் கேட்கிற விலையையும் ஒரு தாளில் எழுதி மகனிடமே கொடுங்கள். மாதாமாதம் அவனே விசாரித்துக் குறித்துவரட்டும்.