ஜப்பானியர் வீட்டில் விருந்து: சைவர் கவனிக்க வேண்டியவை

டோக்கியோ வந்து இரண்டு மாதம் ஆகிறது, மேலாளர் ஞாயிறு இரவு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார், நான் சைவம், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சைவம் என்பதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வெறுமனே 'வெஜிடேரியன்' என்றால் பலர் இறைச்சியை மட்டும் விட்டுவிட்டு மீன் வைப்பார்கள். மீனை நிறுத்தினாலும் தாஷி உள்ளே வந்துவிடும். அது பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற உலர்த்திய மீன் சீவலில் இறக்கும் சாறு. அந்த மீன் நம்மூர் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. மிசோ சூப், காய்கறிக் கூட்டு, முட்டைச் சுருள், புட்டியில் விற்கும் மென்ட்சுயு என்ற நூடுல்ஸ் சாறு எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருக்கும். டோஃபுவின் மேலேயும் அதே சீவலைத் தூவுவார்கள். அதனால் இப்படிச் சொல்லுங்கள்: "நிகு மோ சகானா மோ கட்சுவோ தாஷி மோ தபேமசென். கொம்பு தாஷி நரா தைஜோபு தேஸ்." இறைச்சி, மீன், கட்சுவோ தாஷி எதுவும் சாப்பிட மாட்டேன், கொம்பு தாஷி என்றால் பரவாயில்லை என்று பொருள். கொம்பு என்பது கடற்பாசி. அந்தச் சாறு ஆகும் என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கும் சமையல் சுலபம். இந்தியர் என்பதால் கறி ரைஸ் செய்யவும் வாய்ப்பு உண்டு. இறைச்சித் துண்டே போடாவிட்டாலும், கடைகளில் கட்டியாக விற்கும் கறி ரூ (குழம்புக் கட்டி) பலவற்றில் மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் கலந்திருக்கும். அதையும் முன்பே சொல்லிவையுங்கள்.

கையில் 2000 முதல் 3000 யென்னுக்குள் ஓர் இனிப்புப் பெட்டி போதும், தனித்தனியாக உறையிட்டதாக. சொன்ன நேரத்துக்குப் போங்கள். ஐந்து நிமிடம் பிந்தலாம், முந்தக் கூடாது, சமையல் முடிந்திருக்காது. "ஓஜாமா ஷிமாஸ்" (தொந்தரவு தருகிறேன்) சொல்லி உள்ளே ஏறி, கழற்றிய காலணியின் நுனி வாசலைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். ஓட்டைக் காலுறை வேண்டாம்! பெட்டியைப் பையிலிருந்து எடுத்து, அறைக்குள் போனபின் இரண்டு கையாலும் கொடுங்கள்.

மேசையில் நம் கைப்பழக்கம்தான் காலை வாரும். இடக்கையைச் சாப்பாட்டிலிருந்து ஒதுக்கியே வளர்ந்தவர்கள் நாம். அங்கே சோற்றுக் கிண்ணத்தை இடக்கையில் ஏந்தித்தான் சாப்பிட வேண்டும். கிண்ணத்தை மேசையில் விட்டு அதன்மேல் குனிவதுதான் அநாகரிகம். ரசம் சாதம் நினைவில் மிசோ சூப்பைச் சோற்றில் ஊற்றாதீர்கள். பூனைச் சோறு என்பார்கள். வெள்ளைச் சோற்றின் மேல் சோயா சாஸும் வேண்டாம்.

எச்சில் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொதுத் தட்டில் தனியாக ஒரு ஜோடிக் குச்சி இருந்தால் அதால் உங்கள் சிறுதட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், "தோரிபாஷி அரிமாஸ் கா" (பரிமாறும் குச்சி இருக்கிறதா) என்று கேட்கலாம். பலர் சொந்தக் குச்சியைத் திருப்பிப் பின்முனையால் எடுப்பார்கள். அது கை படும் இடம் என்பதால் முறையல்ல என்பார்கள். குடும்பத்தார் தங்கள் குச்சியாலேயே எடுத்தால், நீங்களும் அப்படியே செய்யலாம்.

சோற்றில் குச்சியைக் குத்தி நிறுத்துவது இறந்தவருக்கு வைக்கும் படையல். குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றுவது, தகனத்துக்குப்பின் எலும்பு பொறுக்கும் சடங்கு. இந்த இரண்டும் ஒருபோதும் கூடாது. மற்றத் தவறுகளைச் சிரித்து விட்டுவிடுவார்கள்.

கிண்ணத்தில் ஒரு பருக்கைகூட மிஞ்சாமல் முடியுங்கள். தட்டுகளை அடுக்க வேண்டாம், அரக்குப் பாத்திரம் கீறிவிடும். கழுவ உதவட்டுமா என்று ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் உட்காருங்கள். எழும்போது "கொச்சிசோசமா தேஷிதா" (விருந்துக்கு நன்றி) சொல்லுங்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் அவரைப் பார்த்ததும், வேலைப் பேச்சுக்கு முன், முன்னால் 'கினோ வா' (நேற்று) சேர்த்து அதையே மறுபடி சொல்லுங்கள்.